நஞ்சை இடம் மாற்றுவது துப்புரவு ஆகாது

2025 புத்தாண்டு நாள் இரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலை வளாகத்திலிருந்து 12 கன்டெய்னர் லாரிகள் காவல் வாகனங்கள் சூழப் புறப்பட்டன. விஷவாயு கசிந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, உயர் நீதிமன்றத்தின் கடும் கண்டிப்புக்குப் பிறகு, அங்கே கட்டிவைக்கப்பட்டிருந்த 337 டன் நச்சுக் கழிவை 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். போராட்டத்தில் இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். ஆனாலும் 2025 ஜூன் மாத இறுதிக்குள் கழிவு முழுவதும் எரிக்கப்பட்டது. எரிக்கும்போது சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்ததால் எஞ்சிய சாம்பலும் கசடும் எண்ணூறு டன்னைத் தாண்டின. அவற்றை எங்கே புதைப்பது என்பது அடுத்த சர்ச்சையானது. போபாலின் கறை நீங்கிவிட்டது என்று அறிவித்து மகிழ்ந்தவர்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வளாகத்திலும் அதைச் சுற்றியும் நஞ்சேறிய மண் ஏறத்தாழ 11 லட்சம் டன் இருப்பதாக, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் 2010-லேயே மதிப்பிட்டிருந்தன. அந்த மண் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

20 டன் ஏற்றும் லாரியில் 11 லட்சம் டன்னைக் கொண்டுபோக 55,000 நடை வேண்டும். 12 லாரிக்கே ஒரு நகரம் கொந்தளித்தது என்றால், 55,000 லாரியை எந்த ஊர் உள்ளே விடும்? விடத்தான் வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? போபாலின் ஏழைக் குடியிருப்புகளில் இருக்கும் நஞ்சை அள்ளிக்கொண்டுபோய் வேறொரு மாவட்டத்தின் ஏழைகளுக்குப் பக்கத்தில் கொட்டுவதை எந்த நியாயத்திலும் துப்புரவு என்று சொல்ல முடியாது. எனவே மண்ணை இருக்கும் இடத்தில் வைத்தே அதிலுள்ள நஞ்சை முறிக்கும் வழிகளை இந்தியா காரியமாகக் கையில் எடுக்க வேண்டும். அவற்றில், மின்னோட்டத்தையும் வேதி ஆக்சிஜனேற்றத்தையும் இணைக்கும் முறையை முழு அளவிலான களச் சோதனைக்குக் கொண்டுவரும் நேரம் எப்போதோ வந்துவிட்டது. இதை எல்லா மண்ணுக்குமான மருந்தாக நான் முன்வைக்கவில்லை. சில இடங்களில் இதே முறை பெரும் கேடு செய்யும்; அதையும் பின்னால் விளக்குகிறேன். ஆனால் போபாலில் இருப்பதைப் போன்ற இறுகிய களிமண்ணில், உள்ளே புகுந்து வேலை செய்யக்கூடிய வழிகள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

ஆக்சிஜனேற்றம் புதிய கண்டுபிடிப்பல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடோடு சிறிது இரும்பு உப்பைச் சேர்த்தால் அதன் வீரியம் பல மடங்கு கூடுவதை ஆங்கில வேதியியலாளர் ஃபென்டன் 1894-லேயே எழுதிவைத்தார். அந்தக் கலவையில் பிறக்கும் ஹைட்ராக்சில் துகள் நொடியின் மிகச் சிறு பின்னம்தான் நிலைத்திருக்கும். அதற்குள் எதிர்ப்படும் கரிமச் சேர்மத்தை உடைத்துவிடும். கரைப்பான், டீசல், பூச்சிக்கொல்லி எதுவானாலும், போதிய அளவு கிடைத்தால் கடைசியில் கரியமில வாயு, நீர், குளோரைடு உப்பு என்று வந்து நிற்கும். இதையே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பெர்சல்பேட்டும் தம் தம் வேகத்தில் செய்கின்றன. இவற்றை ஆழ்துளை வழியாக நிலத்தடியில் செலுத்தி நஞ்சை அங்கேயே முறிப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முப்பது ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ள தொழில். எந்த மருந்து எந்த நஞ்சுக்கு என்பதில்தான் அனுபவம் பேசும். பெர்மாங்கனேட் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களை எளிதில் தின்றுவிடும். ஆனால் போபால் மண்ணில் இருக்கும் ஹெக்ஸாகுளோரோசைக்ளோஹெக்சேனை அது தொடாது. அதற்குக் காரத்தோடு சேர்ந்த பெர்சல்பேட் வேண்டும். ஸ்பெயினில் சபினானிகோ என்ற ஊரில், பழைய லிண்டேன் பூச்சிக்கொல்லி ஆலை விட்டுச்சென்ற இதே வகைக் கழிவின் மேல் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள்.

மணற்பாங்கான நிலத்தில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. களிமண்ணுக்கு வரும்போது தோற்கிறது. அழுத்தி உள்ளே செலுத்திய திரவம் எதிர்ப்புக் குறைந்த மணல் அடுக்கையும் வெடிப்பையும் தேடி ஓடிவிடும். களியின் உள்ளே நுழையாது. நஞ்சோ பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்லக் களிக்குள் ஊறியிருக்கும். மருந்து செலுத்திய மறு மாதம் கண்காணிப்புக் கிணற்றில் நீர் சுத்தமாகத் தெரியும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் பழைய அளவுக்கே ஏறியிருக்கும். உப்பில் ஊறிய மாங்காயை எத்தனை முறை அலசினாலும் உள்ளே ஏறிய உப்பு கசிந்துகொண்டே இருப்பதைப் போன்றதுதான் இது. துப்புரவு முடிந்தது என்று சான்றிதழ் வாங்கிய பல இடங்கள் இப்படித்தான் மறுபடியும் நஞ்சாயின. போபால் ஆலை வளாகத்தில் மேலே கரிசல், அதன் கீழே மஞ்சள் வண்டல் களி. வெறும் ஆழ்துளை வழியாக மருந்தை ஊற்றுவது அங்கே பணத்தை ஊற்றுவதற்குச் சமம்.

இந்த இடத்தில்தான் மின்சாரம் உதவிக்கு வருகிறது. ஈரக் களிமண்ணில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதிலுள்ள நீர் ஒரு பக்கமாக நகர்வதை மாஸ்கோவில் ராய்ஸ் என்ற பேராசிரியர் 1809-இல் வெளியிட்டார். களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டது; அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் நேர் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கி நகரும்போது நீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. இதன் பயனைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அருமை புரியும். நல்ல இறுகிய களியில், அந்தக் களி அடுக்கின் உயரத்துக்கு நிகரான நீரழுத்தம் கொடுத்தாலும், தண்ணீர் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஊடுருவும். அதே களியில் சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் வீதம் நேர்மின்னோட்டம் கொடுத்தால், நாளுக்கே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகரும். பெர்சல்பேட், பெர்மாங்கனேட் போன்ற மின்னேற்றமுள்ள அயனிகள் நீருக்காகக் காத்திருக்காமல் தாமாகவே நேர்மின்வாயை நோக்கிச் செல்லும்; பெரும்பாலும் நீரைவிட வேகமாக. மணலில் நீர் போகும் பாதையும் களியில் போகும் பாதையும் வெகுவாக வேறுபடும். மின்புலத்துக்கு அந்தப் பாகுபாடு மிகக் குறைவு. எங்கே குழாயும் பம்பும் கைவிட்டனவோ அங்கேதான் மின்முனை தன் திறமையைக் காட்டும்.

இந்த இரண்டையும் சேர்க்கும்போது அணுகுமுறையே மாறிவிடுகிறது. முன்பெல்லாம் நஞ்சை மின்சாரத்தால் இழுத்து மின்முனைக்குக் கொண்டுவந்து வெளியே எடுக்கத்தான் முயன்றார்கள். உலோகங்களுக்கு அது பொருந்தும். நீரில் கரையாத, மின்னேற்றமும் இல்லாத பூச்சிக்கொல்லி எச்சம் அப்படி எளிதில் நகராது. அது நகராவிட்டால் போகட்டும், மருந்தை அதனிடம் கொண்டுபோவோம் என்பதுதான் புதிய வழி. எதிர்மின்வாய்க் கிணற்றில் பெர்சல்பேட் கரைசலை விட்டால் களிக்குள் ஊர்ந்து நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். எதிர்மின்வாயைச் சுற்றி மண்ணில் காரம் ஏறி அமில–கார அளவு 11, 12 வரை போகும். பெர்சல்பேட்டைத் தூண்டிவிட அந்தக் காரமே உதவும். அது எட்டாத இடத்தில், அதே மின்முனைகளில் மாறுமின்னோட்டம் கொடுத்து மண்ணை 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கினாலும் பெர்சல்பேட் கிளர்ந்தெழும். ஒரே கட்டமைப்பு முதலில் மருந்தைச் சுமக்கிறது, பிறகு அதை எழுப்பிவிடுகிறது.

ஆய்வகக் கண்ணாடிக் குடுவைக்கு வெளியே இது நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பதூக்கா யுரேனிய ஆலையைப் பார்க்கலாம். யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு நிரப்பும் எஃகு உருளைகள் கடுங்குளிரிலும் உடையாமல் நிற்குமா என்று 1960-களிலும் 1979-லும் அங்கே சோதித்தார்கள். டிரைகுளோரோஎத்திலீனும் உலர்பனியும் நிறைந்த குழியில் உருளையை முக்கிக் குளிரவைத்து, உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தார்கள். உருளை என்ன ஆயிற்றோ, குழியிலிருந்த கரைப்பான் களிக்குள் இறங்கிவிட்டது. 1995-இல் அமெரிக்க எரிசக்தித் துறையும் சுற்றுச்சூழல் முகமையும், மான்சான்டோ, டுபாண்ட், ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய நிறுவனங்களும் கைகோத்து அந்தக் களியில் மின்முனைகளை இறக்கின. இடையிடையே வினைபுரியும் அடுக்குகளைச் செருகி, நீரை அவற்றின் ஊடே ஓடவிட்டார்கள். அடுக்கடுக்காக இருந்ததால் லசான்யா என்று பெயர். 120 நாள் முதற்சோதனையில் 98 சதவீதத்துக்கு மேல் நஞ்சு நீங்கியது. 1999 டிசம்பர் முதல் 2001 டிசம்பர் வரை முழு அளவில் ஓட்டினார்கள். மண்ணில் கிலோவுக்கு 5.6 மில்லிகிராம் என்பது இலக்கு. முடிவில் சராசரி 0.38 மில்லிகிராமுக்கு இறங்கியது. அங்கே அடுக்குகளில் கரைப்பானை முறித்தது இரும்புத் தூள். அது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிரான வினை. ஆனாலும் இங்கே முக்கியமான கேள்விக்குப் பதூக்கா பதில் சொல்லிவிட்டது. சுமார் 45 அடி ஆழம் வரை களிக்குள் மின்சாரத்தால் நீரையும் நஞ்சையும் நகர்த்த முடியும். இரண்டே ஆண்டில் வேலையை முடிக்கவும் முடியும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வேதியியலிலிருந்து வருகிறது. அது மிகக் கனமானது. ஆக்சிஜனேற்றம் எல்லா நஞ்சையும் முறிக்காது, சிலவற்றை மேலும் கொடிதாக்கும். இதற்கு நம் வாசலிலேயே சாட்சி இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடக்கிறது. 2006-இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான பிளாக்ஸ்மித் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. குரோமியம் ஒரு தனிமம். எந்த மருந்தாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. அதற்கு இரண்டு நிலைகள். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து பாயும், புற்றுநோய் உண்டாக்கும். மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கசடாக இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அந்த மண்ணில் போய் பெர்மாங்கனேட்டையோ பெர்சல்பேட்டையோ செலுத்தினால், தூங்கிக் கிடப்பதைத் தட்டியெழுப்பிக் கிணற்றுக்கு அனுப்பிவைத்ததாகிவிடும். ராணிப்பேட்டைக்கு வேண்டியது எதிர் வினை: அன்னபேதி போன்ற இரும்பு உப்பால் ஆறாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறக்குவது. மின்சாரம் அங்கேயும் உதவும். குரோமேட் எதிர் அயனி என்பதால் நேர்மின்வாயை நோக்கித் தானே வந்து சேரும். ஆனால் மருந்து வேறு. பாதரசத்தின் கதையும் இப்படித்தான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணைத் தோண்டிக் கழுவிச் சூடாக்கிப் பாதரசத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதை முறிக்க வழியில்லை.

போபாலிலும் பூச்சிக்கொல்லியோடு பாதரசமும் கலந்து கிடக்கிறது என்பதால் இந்த மறுப்பு என் வாதத்தையும் தொடுகிறது. ஆம், தொடுகிறது. அதனால்தான் வளாகம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே மருந்து என்று டெண்டர் விடுவதை எதிர்க்க வேண்டும். கொதிகலன் அருகே ஒரு மண், நாப்தால் கொட்டிய குழியில் ஒரு மண், ஆவியாக்கும் குளங்களில் இன்னொரு மண். முதலில் சில மீட்டருக்கு ஒரு துளையிட்டு எங்கே என்ன, எந்த ஆழத்தில், எவ்வளவு என்று வரைபடம் போட வேண்டும். பாதரசம் மிகுந்த திட்டுகளைத் தனியாகப் பிரித்துத் தோண்டியெடுக்கலாம். அது 11 லட்சம் டன்னில் சிறு பங்காகவே இருக்கும் வாய்ப்பு அதிகம். குளோரைடு உப்பு மிகுந்த இடத்தில் நேர்மின்வாயில் குளோரின் பிறந்து புதிய குளோரின் சேர்மங்களை உண்டாக்கக்கூடும். எனவே அங்கே மின்முனைக் கரைசலை இடைவிடாமல் சுழற்றிச் சுத்திகரிக்க வேண்டும். இந்த ஆய்வுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் பின்னால் பல ரூபாயை மிச்சப்படுத்தும். நம் நாட்டில் துப்புரவுத் திட்டங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த முதற்படியில்தான்.

இரண்டாவது மறுப்பு செலவு. மின்கட்டணத்தைச் சொல்லி பயமுறுத்துகிறார்கள். மண்ணின் தன்மையைப் பொறுத்து ஒரு கன மீட்டருக்குச் சில நூறு யூனிட் வரை ஆகலாம். 300 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். மருந்துச் செலவும் மின்முனைச் செலவும் இதற்கு மேல் சேரும். சிறிய தொகை இல்லைதான். ஆனால் 337 டன் கழிவை அப்புறப்படுத்த மத்திய அரசு ஒதுக்கிய தொகை 126 கோடி ரூபாய். டன்னுக்குக் கணக்குப் போட்டால் 37 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த 337 டன்னிலும் 162 டன் தோண்டியெடுத்த மண்தான். ஒரு டன் மண்ணுக்கு அத்தனை லட்சம் ஒதுக்கத் தயங்காத அரசு, சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் களத்திலேயே முடியக்கூடிய வேலையைச் சோதித்துப் பார்க்கக் கூடத் தயங்குவதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை. நேர்மின்னோட்டம் இடைவெளி விட்டுவிட்டு வந்தாலும் வேலை நடக்கும் என்பதால் சூரியத் தகடுகளையும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது மறுப்பை இயற்கை மேல் அக்கறை கொண்டவர்கள் எழுப்புகிறார்கள். அமிலமும் காரமும் ஆக்சிஜனேற்றியும் பாய்ந்த மண்ணில் நுண்ணுயிர் மிஞ்சுமா, அது மண்ணாக இருக்குமா? நியாயமான கவலை. நெல் விளையும் வயலில் இதைச் செய்யச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் இங்கே பேசுவது புழுவும் வாழாத ஆலைக் குழியைப் பற்றி. அதிலிருந்து கசிந்ததால் நாற்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கு நிலத்தடி நீரை விலக்கிக் குழாயில் குடிநீர் கொடுக்க உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. சிகிச்சை முடிந்தபின் காரத்தை நடுநிலையாக்கி, உயிர்ப்புள்ள மண்ணைக் கலந்து மீட்டெடுக்க முடியும். நஞ்சு குறைவாக உள்ள ஓரங்களில் இதே மின்முனைகளைக் கொண்டு நஞ்சைத் தின்னும் பாக்டீரியாவையும் அதன் உணவையும் களிக்குள் அனுப்பலாம். டென்மார்க்கின் ஸ்குல்டலெவ்வில் அதைக் களத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது நான்காவது மறுப்பு, பாதிக்கப்பட்டவர்கள் எழுப்புவது. ‘இருக்கும் இடத்திலேயே சிகிச்சை’ என்பது, எதையும் செய்யாமல் வேலி போட்டு மறைப்பதற்கு வசதியான பெயராகிவிடாதா என்கிறார்கள். தோண்டியெடுத்தால் குழியாவது கண்ணுக்குத் தெரியும். பூமிக்கடியில் மின்சாரம் விட்டோம் என்றால் யார் பார்த்தது? அவர்களின் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. கொடைக்கானலில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மண்ணில் விட்டுவைக்கலாம் என்று நிர்ணயித்தபோது, காட்டுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் அருகில் அது போதாது என்று ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. எனவே இலக்கு எண்ணை வேலை தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். அளப்பவர் வேறு, செய்பவர் வேறாக இருக்க வேண்டும். நீரை மட்டும் அளந்தால் போதாது, களியின் உள்ளிருந்து மண் எடுத்து அளக்க வேண்டும். வேலை முடிந்து மூன்று, ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே புள்ளியில் மீண்டும் அளந்து, அந்த எண்களைச் சுற்றுவட்டார மக்களுக்குப் புரியும் மொழியில் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கான விதிகளை அறிவித்திருக்கிறது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். காரணமானவரைக் கண்டறிந்து அவரிடமே செலவை வாங்க வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் நாடெங்கும் கண்டறியப்பட்ட 103 இடங்களில் துப்புரவு தொடங்கியிருப்பது ஏழில் மட்டுமே என்ற நிலையில், தொடர்ந்து அளந்து பார்ப்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது.

செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதிலும் குழப்பம் இல்லை. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று, வேலூர் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் அறிவித்துவிட்டது. யூனியன் கார்பைடை 2001-இல் வாங்கிய டௌ கெமிக்கல் தனக்குப் பொறுப்பில்லை என்கிறது. ஆலை வளாகத் துப்புரவுக்காக அந்நிறுவனம் முன்பணமாக 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று மத்திய ரசாயனத் துறை 2005-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் மனு செய்தது. 337 டன்னை நகர்த்த நாள் குறித்துக் கெடு விதித்த நீதிமன்றம், அந்த மனுவுக்கும் அதே வேகத்தில் நாள் குறிக்க வேண்டும். பணம் எப்போது வருமென்று காத்திருக்காமல், மத்திய அரசு இந்த ஆண்டே வளாகத்துக்குள் மூன்று வகை மண்ணில் மூன்று சோதனைப் பாத்திகளை ஒதுக்கி, மின்முனைகளை இறக்கலாம். செலவைப் பிறகு அந்தக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.